முள்ளுக்கு அரை மணி

கோடையில் கலிஃபோர்னியா நேரம் சென்னைக்குப் பன்னிரண்டரை மணி பின்னால். ஃப்ரீமாண்டில் மகள் வீட்டுக்கு வந்ததும் கைக்கடிகாரத்தின் முள்ளை அரை மணி பின்னுக்குத் திருப்பினேன். அவ்வளவுதான், இந்த ஊர் நேரம் வந்துவிட்டது. முள்ளுக்குப் பகலும் இரவும் ஒன்றுதான்.

இன்று நான்காவது இரவு. மணி இரண்டரை. மயிலாப்பூரில் பிற்பகல் மூன்று. காபிக்குப் பால் வைக்கும் நேரம்.

*

துபாயிலிருந்து ஏறத்தாழ 16 மணி நேரம். ஜன்னல்களை மூடி, விளக்குகளை அணைத்து, விமானத்துக்குள் ஓர் இரவைச் செய்துவைத்தார்கள். விரல் அகலம் திறந்து பார்த்தேன். கீழே வெண்பனி, அதன்மேல் வெயில். வடதுருவத்தை ஒட்டிய பாதை அது. ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைவதில்லை. காலையில் ஏறியவள் அதே தேதி மதியத்தில் இறங்கினேன். நடுவில் வரவேண்டிய இரவு வரவே இல்லை.

கப்பலில் போனவர்களுக்கு இந்தச் சிரமம் இருந்ததில்லை. கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே போவார்கள். உடம்பும் கூடவே நகர்ந்துவிடும்.

*

நள்ளிரவு கடந்தால் பசி. மூளையின் அடியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்கள் இருக்கின்றன. தலைமைக் கடிகாரம் அதுதான். கண்ணில் விழும் வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். கல்லீரலுக்கும் குடலுக்கும் தனிக் கடிகாரங்கள் உண்டு. அவை சாப்பாட்டு வேளையைக் கவனிப்பவை. எல்லாம் ஒன்றுசேர நகர்வதில்லை. அதனால் நள்ளிரவில் சோற்றுப் பானையைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஒரு டம்ளர் வெந்நீர், பிறகு சும்மா உட்கார்ந்திருப்பது. தூக்கத்தை வற்புறுத்திக் கூப்பிட்டால் அது வருவதில்லை.

*

மாலை நான்குதான் கடினம். ஊரில் அது விடியற்காலை நாலரை, உடம்பின் சூடு மிகவும் தணிந்திருக்கும் வேளை. கை கால் கல்லாகிவிடுகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் நழுவுகிறது.

“படுத்துடாதம்மா. கொஞ்சம் வெளிச்சத்துல நடந்துட்டு வா,” என்கிறாள் மகள்.

எலிசபெத் ஏரிக்கரையில் நடக்கிறேன். வாத்துகள் புல் மேய்கின்றன. கைக்கடிகாரத்தில் ஆறரை மணி. அதைப் பார்த்ததும், விளக்கேற்றும் நேரம் என்று பழைய பழக்கம் உள்ளே எழுந்திருக்கிறது. சூரியனோ உயரத்தில் நிற்கிறது, எட்டரைக்குத்தான் இறங்கும். நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்கிறது தொல்காப்பியம். பல வருடம் படித்த வரையறை இது. நிலம் மாறி, பொழுது மட்டும் பழைய ஊரிலேயே நின்றுவிட்டபோதுதான் அது உடம்பில் பட்டது.

*

நான் தாவரவியல் சொல்லிக்கொடுத்த பள்ளியில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. சாயங்காலம் அதன் இலைகள் கூம்புவதைக் காட்டிவிட்டு, 1729இல் நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்வேன். பிரெஞ்சு வானியலாளர் தெ மேரான் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்தார். வெயிலே படாமலும் அது பகலில் விரிந்தது, இரவில் மடிந்தது. வெளியே நடப்பது தெரியாத செடி, பழகிய நாளைத் தனக்குள்ளேயே நடத்திக்கொண்டிருந்தது. அதை ஓர் ஆச்சரியமாகத்தான் அப்போது சொன்னேன். இப்போது அந்தச் செடியின் மேல் பரிவாக இருக்கிறது.

*

ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்பது தோராயமான கணக்கு. அப்படியானால் எனக்குப் பன்னிரண்டு நாள். அவசரப்பட ஒன்றுமில்லை.

*

பேத்தி பிறந்து ஒன்பது நாள். அவளுக்கு இன்னும் இரவு என்று ஒன்று கிடையாது. உள்கடிகாரம் சீராக ஓடத் தொடங்க இரண்டு மூன்று மாதம் ஆகும். இந்த வீட்டில் மூன்று மணிக்கு முழுசாக விழித்திருப்பவர்கள் நாங்கள் இருவர். தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடக்கிறேன். விளக்கைப் போடுவதில்லை, வெளிச்சம் எங்கள் இருவருக்குமே தவறான சேதியைச் சொல்லிவிடும்.

இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் மெலடோனின் இருக்கிறது, பகல் பாலில் அது மிகக் குறைவு. தாயின் இரவு பால் வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது.

சிணுங்க ஆரம்பித்ததும் மகளிடம் கொடுத்தேன். அரைத்தூக்கத்தில் வாங்கி அணைத்துக்கொண்டாள். நான் இருட்டிலேயே கட்டிலோரம் உட்கார்ந்தேன். பால் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது.