பாசம் நான்கில் ஒன்றுதான்



“அந்தப் பாட்டிய ஹோம்ல போட்டுட்டாங்களாம்!” கோயில் அன்னதானத்தில் பக்கத்து இலையில் இருப்பவர் இப்படிச் சொன்னால் போதும், அந்தக் குடும்பத்துக்குத் தீர்ப்பு எழுதியாகிவிடும். வீட்டில் வைத்துப் பார்த்தால் புண்ணியம், வெளியே விட்டால் பாவம் என்பதுதான் நம் கணக்கு. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சில வாரங்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

ரெம்பியாவில் இருக்கும் என் பாட்டிக்கு வயது 78. பால்மரம் வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கியவர். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, சில நாளில் டிஸ்சார்ஜ் செய்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த நோயாளிக்கும் கட்டில் வேண்டுமே! ஆனால் வீடு தயாராக இல்லை. கழிவறைக்கு ஒரு படி இறங்க வேண்டும். வாக்கர் அந்தக் கதவுக்குள் நுழையவில்லை. அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, மாமா சிங்கப்பூரில். “எப்படித் தூக்குறதுன்னே தெரியலடா, கை வச்சாலே வலியில கத்துறாங்க” என்று அம்மா அழுதார். அம்மாவுக்குப் பாசம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

இந்த வாரங்கள் சாதாரணமானவை அல்ல. படுத்தே கிடந்தால் தசை இளைக்கும், முதுகில் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும். பயந்து நடக்காமல் விட்டால் பிறகு நடக்கவே முடியாமல் போகலாம்.

நம் மலாக்காவில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். 2014 முதல் சுகாதார அமைச்சு, அரசாங்கக் கிளினிக்குகள் வழியாக வீடு தேடிப் போய்ப் பார்க்கும் சேவையை நடத்துகிறது. நல்ல சேவை. ஆனால் அவர்கள் வந்து போன பிறகு மீதி நேரம் முழுக்கப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்க வேண்டும். செங்கில் சமூகநலத் துறையின் ருமா ஸ்ரீ கெனாங்கான் இருக்கிறது. அது ஆதரவற்ற, தன் வேலையைத் தானே செய்துகொள்ளக்கூடிய முதியவர்களுக்கு. படுக்கையில் கிடக்கும் ஆதரவற்றவர்களுக்கான ருமா ஏசான் கோல குபு பாருவிலும் டுங்குனிலும் உள்ளது. ஆயர் குரோ பக்கம் 2014இல் சொக்சோ ஒரு பெரிய மறுவாழ்வு மையத்தைத் திறந்தது. நோய்க்கும் வீட்டுக்கும் நடுவில் உடம்பைத் தேற்றும் இடம் எப்படி இருக்கலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம். ஆனால் அது முக்கியமாக, சந்தா கட்டிய தொழிலாளர்கள் மீண்டும் வேலைக்குத் திரும்புவதற்காக.

இங்கேதான் எனக்குள் கேள்வி எழுகிறது. ஒரு மனிதரைத் தேற்றுவது, இனி அவரால் என்ன பயன் என்று பார்த்தா? பாட்டி இனி மரம் வெட்டப் போவதில்லை. கழிவறைக்குத் தானே நடந்து போக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அந்த மானத்துக்கு விலை இல்லையா? முன்னோருக்குத் திதி கொடுப்பதைக் கடன் என்கிறோம். நடக்கப் பழகும் உயிருள்ள பாட்டிக்குத் தர வேண்டியதும் கடன்தான்.

“அது பிள்ளைங்க கடமை. மத்தவங்க பார்த்துக்கிட்டா பிள்ளைங்க கைகழுவிடுவாங்க” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. சிலர் கைகழுவத்தான் செய்வார்கள். ஆனால் பெரும்பாலான குடும்பங்களுக்குக் குறைவது மனசு அல்ல, பழக்கம்.

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறளைப் பாருங்கள். மருத்துவத்துக்கு நான்கு பேரைச் சொல்கிறார் வள்ளுவர்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். அந்த நான்காமவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று சரக சம்ஹிதை சொல்கிறது: பணிவிடை முறை தெரிந்திருக்க வேண்டும், கைத்திறன் வேண்டும், அன்பு வேண்டும், சுத்தம் வேண்டும். அன்பு நான்கில் ஒன்றுதான்! மற்ற மூன்றும் கற்றுக்கொள்ள வேண்டியவை. இரண்டு வீடு தள்ளியிருக்கும் ஓய்வுபெற்ற மலாய் மிஸி ஒருவர் வந்து, எங்கே பிடிக்க வேண்டும், எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்று அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகுதான் பாட்டி எழுந்து நின்றார்.

எல்லாத் தெருவிலும் மிஸி இருக்க மாட்டார். இங்கிலாந்தில் 2001 முதல் இதற்கென்றே ஒரு கொள்கை உண்டு. வழக்கமாக ஆறு வாரம் வரை உடம்பைத் தேற்றி வீட்டுக்கு அனுப்புவார்கள். சிங்கப்பூரில் ஒரு கிறிஸ்துவ அமைப்பு 1996இல் செயின்ட் லூக்ஸ் மருத்துவமனையை நோயுற்ற முதியோருக்காகவே திறந்தது. அதே ஊரில் ஸ்ரீ நாராயண மிஷன், நோயுற்ற முதியோருக்கான இல்லத்தை இன வேறுபாடு பார்க்காமல் நடத்துகிறது.

கோபுரத்துக்கு நிதி திரட்டத் தெரிந்த நமக்கு, இதுவும் முடியும். ஆஸ்பத்திரி கட்டச் சொல்லவில்லை. வாக்கர், சக்கர நாற்காலி, மடக்குக் கட்டில் நான்கைந்து வாங்கிக் கோயில் மண்டபத்தில் வைத்து இரவல் கொடுக்கலாம். பிசியோதெரபிஸ்ட் ஒருவரை அழைத்துத் தூக்கும் முறை, இரண்டு மணிக்கொரு முறை புரட்டும் முறை கற்றுக்கொள்ளலாம். இது மகளும் மருமகளும் மட்டும் சுமக்க வேண்டிய வேலை அல்ல, பையன்களும் கற்க வேண்டும். என்னைப் போல் பொறியியல் படிப்பவர்கள் படியைச் சரிவாக்கலாம், சுவரில் கைப்பிடி பொருத்தலாம். கூடவே, நம் மாவட்டத்திலும் முதியோர் தேறிப்போக ஓர் இடம் வேண்டும் என்று மக்கள் பிரதிநிதிகளிடம் மனு கொடுக்க வேண்டும். ஒன்றைச் செய்வதால் மற்றதை விட்டுவிடக் கூடாது.

அடுத்த முறை யாராவது “ஹோம்ல போட்டுட்டாங்களாம்” என்று சொன்னால், ஒரு கேள்வி கேட்போம்: “டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்னிக்கு அந்த வீட்டுக்கு நம்மள்ல யாரு போனோம்?”