யானைத்தீ

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில் இருக்கிறது ஓரிக்கை. மகா பெரியவர் மணிமண்டபம் உள்ள ஊர் என்றால் பலருக்குத் தெரியும். எனக்கு அது சித்தி வீடு. வாசல் தாண்டியதும் குழித்தறி. சில வருடங்களுக்கு முன்னால் போனபோது தறி சும்மா கிடந்தது. சமையலறைக் கதவில் பூட்டு தொங்கியது.

‘‘எதுக்கு சித்தி பூட்டு?’’

‘‘இவனுக்குத்தான். பன்னெண்டு இட்லி தின்னுட்டு, கை ஈரம் காயறதுக்குள்ள ‘பசிக்குதும்மா’ன்னு வந்து நிக்கிறான். பசியா இது? நாக்கு ருசி!’’

‘இவன்’ திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தான். மனச்சிதைவு நோய். யாரோ தன்னைத் திட்டும் குரல்கள் இரவும் பகலும் காதில் கேட்டன. டாக்டர் ஒலான்சபின் மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதத்தில் குரல்கள் அடங்கின, தூக்கம் வந்தது. கூடவே பசியும் வந்தது. 58 கிலோ இருந்தவன் இரண்டே வருடத்தில் 84. டாக்டரிடம் சொன்னதற்கு, ‘‘வாயைக் கட்டுப்பா’’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டாராம்.

சித்தி தண்ணீர் எடுக்கப் போனதும் மெல்லச் சொன்னான்: ‘‘தறிக்குழியில இறங்கி உட்கார்ந்தா வயிறு மரத்துல இடிக்குதுண்ணா. குனிய முடியல. மாத்திரையை நிறுத்திட்டேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க.’’

சொல்வதா வேண்டாமா? அன்று என் முன்னால் இருந்த கேள்வி அதுதான். ஆனால், அதற்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் பசிக்கு யார் பொறுப்பு?

மூளையில் ஹைபோதலாமஸ் என்று ஒரு பகுதி. வயிறு நிறைந்தால் ‘போதும்’ என்று சொல்வது அதன் வேலைகளில் ஒன்று. ஒலான்சபின், க்ளோசபின் போன்ற மருந்துகள் குரல்களை அடக்க டோபமைனின் வேகத்தைத் தடுக்கின்றன. அதோடு நிற்பதில்லை. ஹிஸ்டமின், செரடோனின் ஆகியவை வந்து தட்டும் சில கதவுகளையும் சேர்த்து அடைத்துவிடுகின்றன. ‘போதும்’ என்ற செய்தி போய்ச் சேருவதில்லை. சர்க்கரையும் கொழுப்பும்கூட ஏறலாம்.

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தைப் புரட்டினால் பாதிக்கு மேல் சாப்பாட்டு விஷயம்தான். முன்பு தின்றது செரித்ததா என்று பார், நன்றாகப் பசித்தபின் அளவோடு சாப்பிடு என்கிறார் வள்ளுவர். அருமையான யோசனை. ஆனால், பசி உண்மை பேசும் என்ற நம்பிக்கையில் சொன்ன யோசனை. பெட்ரோல் முள்ளே பழுதான வண்டியில், முள்ளைப் பார்த்து ஓட்டு என்றால் டிரைவர் என்ன செய்வார்?

இந்த இடத்தில் சாத்தனார் ஒரு படி மேல். மணிமேகலையில் காயசண்டிகை என்று ஒரு பெண். முனிவர் ஒருவருக்கான நாவல் பழத்தைக் காலால் சிதைத்துவிட்டு, சாபத்தால் தீராப் பசிக்கு ஆளாகிறாள். எவ்வளவு தின்றாலும் அடங்காத அந்தப் பசிக்கு யானைத்தீ என்று பெயர். அதைப் பேராசை என்றோ நாக்கு ருசி என்றோ புலவர் சொல்லவில்லை. நோய் என்றார். அமுதசுரபி ஏந்திய மணிமேகலை அவளுக்குப் புத்தி சொல்லவில்லை, சோறு போட்டாள். அதே மணிமேகலைதான் பிறகு பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு வந்து ஊருக்கே பசி தீர்த்தாள் என்கிறது காவியம். அந்தக் காஞ்சிக்குப் பக்கத்து ஊரில்தான் சமையலறைக்குப் பூட்டு.

அதற்காக மாத்திரையை வில்லனாக்கிவிட முடியாது. 2001-ல் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 மனநோயாளிகள் இறந்தார்கள். மருந்து கிடைக்காத இடத்தில் சங்கிலிதான் வைத்தியம். 2005-ல் அமெரிக்காவில் சுமார் 1,500 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. ஒலான்சபின் சாப்பிட்டவர்களில் 30 சதவிகிதம் பேருக்கு உடல் எடை 7 சதவிகிதத்துக்கு மேல் கூடியது. அதே ஆய்வில் மற்ற மாத்திரைகளைவிட அதிக நாள் விடாமல் சாப்பிடப்பட்டதும் ஒலான்சபின்தான். கெடுக்கிற மருந்தும் காப்பாற்றுகிற மருந்தும் ஒன்றே!

‘‘புத்தி தெளிஞ்சுதே, உடம்பு பெருத்தா என்ன?’’ என்று நாம் சுலபமாகச் சொல்கிறோம். யாருக்கு என்ன? குரல்கள் அடங்கியதில் வீட்டுக்கு நிம்மதி, தெருவுக்கு நிம்மதி. அதற்கான விலையை மட்டும் அவன் ஒருவன் தன் உடம்பால் கட்டுகிறான். தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது வருடம் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதய நோய் அதற்கு ஒரு முக்கியக் காரணம். ‘குண்டானால் என்ன’ என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் இல்லை.

விலை கட்டுகிறவனுக்குப் பேரம் பேச உரிமை உண்டா? உண்டு என்கிறது 2017-ல் வந்த மனநல பராமரிப்புச் சட்டம். நோய் முற்றினால் எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கலாம். பேரம் பேச வழிகளும் இருக்கின்றன. எல்லா மாத்திரைகளும் ஒரே அளவு எடை ஏற்றுவதில்லை, அரிப்பிப்ரசோலில் குறைவு. சர்க்கரைக்குத் தருகிற விலை மலிவான மெட்ஃபார்மினை டாக்டர் சேர்த்துத் தந்தால் எடை ஏறுவது மட்டுப்படும். ஆனால், இதெல்லாம் டாக்டரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியது. தானாக நிறுத்தினால் குரல்கள் திரும்பி வரும்.

அவனுக்கும் வந்தன. நான் சித்தியிடம் சொல்லத் தயங்கிய மூன்றாவது வாரம்.

இன்றும் உறுத்துகிறது. ரகசியத்தைக் காப்பாற்றினேன், அவனைக் காப்பாற்றவில்லை. அவனிடமே, ‘‘வா, இதை டாக்டர்கிட்ட சேர்ந்து போய்ச் சொல்லுவோம்’’ என்று சொல்லியிருக்க வேண்டும். அது எனக்கு அன்று தோன்றவில்லை. அவன் சொன்னதை மருத்துவப் புகாராகக் கேட்காமல், சாப்பாட்டுப் புலம்பலாகக் கேட்டிருக்கிறேன். பூட்டுப் போட்டது சித்தி மட்டும் இல்லை.

இப்போது வேறு டாக்டர், வேறு மாத்திரை. மாதம் ஒருமுறை எடை பார்க்கிறார்கள். ஐந்து கிலோ இறங்கியிருக்கிறது. தறிக்குழியில் உட்கார இன்னும் குறைய வேண்டும்.

போன மாதம் போனேன். சமையலறைக் கதவில் பூட்டு இல்லை. சித்தி இரண்டு தட்டு வைத்தார். ‘‘போதுமாடா?’’ என்று அவனிடம் கேட்டார். ‘‘தெரியலம்மா’’ என்றான். ‘‘சரி, கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருப்போம். அப்புறமும் பசிச்சா சொல்லு’’ என்றார் சித்தி.