வராதவர் மறுத்தவரா?

இங்கிலாந்தில் நீரிழிவு நோயுடைய, 12 வயது நிரம்பிய ஒவ்வொருவரையும் தேசிய சுகாதாரச் சேவை இலவச விழித்திரைப் பரிசோதனைக்குக் கடிதம் எழுதி அழைக்கிறது. பார்வை மங்குவதற்கு நெடுநாள் முன்பே விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிதைவதைப் புகைப்படம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதும், உரிய காலத்தில் சிகிச்சை தொடங்கினால் பார்வையைப் பெரும்பாலும் காத்துவிடலாம் என்பதும் அவ்வேற்பாட்டுக்கு ஆதாரம். சுமார் ஐம்பதாண்டுக் காலம் அங்கும் வேல்ஸிலும் உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதற்காரணமாக விளங்கிய இந்த விழித்திரைச் சிதைவு, அந்த ஸ்தானத்தினின்று இறங்கிவிட்டதென்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது. இத்தகைய அனுகூலம் அறிவுசார் குறைபாடுடைய வயதுவந்தோரில் பலரை எட்டாமலே நின்றுவிடுகிறது. அவர்கள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று பதிவாகிறது.

எல்லோருக்கும் ஒரே கடிதம், ஒரே அவகாசம் அளித்தோம், வருவதும் வராததும் அவரவர் சுதந்திரம் என்னும் வாதம் கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் அக்கடிதத்தை வாசித்தறிய இயலாத ஒருவருக்கு அப்பரிசோதனை எப்படிப்பட்ட அனுபவமாக இருக்கும்? முன்பின் அறியாத ஒருவர் கண்ணில் எரிச்சலூட்டும் சொட்டு மருந்தை விடுகிறார். சிறிது நேரத்தில் கையிலுள்ள பொருளே கலங்கித் தெரிகிறது. பிறகு இருண்ட அறையில் மோவாயைத் தாங்கியின்மேல் வைத்து, நெற்றியைப் பட்டையில் பதித்து, அசையாதிருக்கச் சொல்கிறார்கள். அடுத்த கணம் கண்ணுக்குள் பளீரென்று ஒளி பாய்கிறது. ஏன் எதற்கென்று சொல்லப்படாத எவரும் எழுந்து ஓடத்தான் செய்வர். விளங்காத ஒன்றிலிருந்து அஞ்சி விலகுவதை மறுப்பென்று கொள்வது நியாயமாகாது.

அந்நாட்டின் 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டமும், ஒருவருக்கு உதவ இயன்றதனைத்தையும் செய்து பார்க்குமுன் முடிவெடுக்கும் திறனற்றவர் என அவரைக் கருதலாகாதென்று விதிக்கிறது. படங்களோடு எளிய நடையில் அமைந்த துண்டுப்பிரசுரம், கேமராவை முன்னதாக வந்து பார்த்துப் போக ஒரு வாய்ப்பு, இரட்டிப்பு நேரம், பழகிய பராமரிப்பாளரின் துணை ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல.

இத்தனைக்குப் பிறகும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது? செய்தியை விளங்கிக்கொண்டு மறுப்பவரின் முடிவு, நமக்கு விவேகமற்றதாகப்பட்டாலும், அவருடையதே. விளங்கிக்கொள்ள இயலாதவர் விஷயத்திலேதான் மனம் தடுமாறுகிறது. அவருடைய பார்வையைக் காப்பது நன்மையே எனினும், குறித்த காலந்தோறும் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்காகத் தலையைப் பிடித்து அழுத்துவது, நாளை எந்த மருத்துவமனை வாசலையும் மிதிக்கவொட்டாத பீதியை அவருள் விதைத்துவிடக்கூடும். ஆகவே அந்தப் பலாத்காரம் தகாது. பார்வை குறைவதற்கான அறிகுறி தென்படுமாயின் நிலைமை வேறு, அப்போது வேறொரு சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுக்கும் வேளையிலேயே கண்ணையும் பார்த்துவிடுவது பற்றி மருத்துவரும் உறவினரும் கலந்து ஆலோசிக்கலாம்.

குடும்ப மருத்துவரிடம் அறிவுசார் குறைபாடுடையோரின் பதிவேடு உண்டு. அச்செய்தி பரிசோதனை நிலையத்துக்கு எட்டாவிடில் மேற்சொன்ன ஏற்பாடுகளில் எதுவும் முன்கூட்டி நடவாது. எனவே உரிய சம்மதத்தோடு அதனைக் கேட்டுப் பெறுவதும், வராதவருக்கு மீண்டும் அதே கடிதத்தை அனுப்பாமல் பராமரிப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து எது தடுத்ததென்று விசாரிப்பதும் நிலையத்தாரின் கடமையிலேயே சேரும்.