தொட்டிலை அகற்றும் நாள்

பிள்ளை மரத்தொட்டிலின் விளிம்பில் காலைத் தூக்கிப் போட்டுவிட்டால், தொட்டிலின் காலம் முடிந்தது. ஆயினும் அதை அகற்ற நம் கை தயங்குகிறது. பிள்ளைக்கு இன்னும் தேவை என்கிறோம், தேவை நமக்குத்தான். பாலூட்டலை நிறைவு செய்ய விழைவோர்க்குத் திருமறை 2 ஆண்டுகள் என வரையறுத்தது. அன்பின் செயல்களுக்கும் பருவம் உண்டென்று அதிலிருந்து உணர்கிறோம்.

எனினும் விடுவித்தல் வேறு, கைவிடுதல் வேறு. இதுவரை தொட்டில் தடுத்துக் காத்தது. இனி அறையே காக்க வேண்டும். தரையை ஒட்டிய படுக்கை, சுவரோடு பிணைத்த அலமாரி, எட்டாத உயரத்தில் மருந்துப் புட்டி: இவற்றை முடித்த பின்னரே தொட்டிலை அகற்றுவோம். நள்ளிரவில் அச்சிறு கால்கள் நம்மைத் தேடி வந்தால், கடிந்துகொள்ளாமல் கைபிடித்து அழைத்துச் சென்று மீண்டும் உறங்க வைப்போம்.

பிள்ளை இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அது வளர இடம் விடுவதும் அந்த அமானிதத்தைப் பேணுவதேயாகும்.