குழுவில் போடும் வேலும் வேல்தான்

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

"அண்ணே, உங்க குழுவுல வர்ற அந்தக் குட்டி வேல் எமோஜி எப்படிச் செஞ்சீங்க? எங்களுக்கும் சொல்லிக் கொடுங்க" என்று நிறைய பேர் கேட்டுட்டீங்க. இன்றைக்கு அதைத்தான் எழுதப் போறேன். செய்முறை எளிது. படம் வரையத் தெரிஞ்சா அரை மணி நேர வேலை. ஆனா ஏற்றி முடிச்ச பிறகு அதை எங்கே போடணும், எங்கே போடக்கூடாது என்பதுதான் பெரிய பாடம். ரெண்டையும் சேர்த்தே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு விஷயம். உங்க போன் கீபோர்டுல வேல் இருக்கா? தேடிப் பாருங்க. கிடைக்காது.

எமோஜி பிரபலமானது ஜப்பானில். 1999-இல் என்.டி.டி. டோகோமோ என்ற செல்போன் நிறுவனத்துக்காக ஷிகேடகா குரிடா என்பவர் 176 குட்டிப் படங்கள் வரைந்தார். ஒவ்வொன்றும் 12-க்கு 12 புள்ளிக் கட்டம், அவ்வளவுதான். இப்போ எந்தப் படம் சேரணும் என்பதை யூனிகோட் அமைப்பு முடிவு செய்கிறது. அதுல சேவல் முன்னாடியே இருந்தது. மயில் 2018-இல் வந்தது. கோயிலும் அகல் விளக்கும் 2019-இல் வந்தன. வேல் மட்டும் இன்னும் வரலை.

அதனால நம்ம ஆட்கள் என்ன பண்றாங்க? மூணு முனை வச்ச சூலத்தைப் போட்டு "வேல் வேல்"னு எழுதுறாங்க. தப்புன்னு சொல்ல மாட்டேன், மனசு முருகனைத்தான் நினைக்குது. ஆனா சூலம் அப்பாவோடது. பிள்ளை கையில இருக்கிறது வேல்.

எங்க குழுவுல ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பசங்கதான் அதிகம். தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நடைப்பயணம் போறப்போ சேர்ந்த கூட்டம். டிஸ்கார்டில் குழு வைத்திருக்கிறோம். அங்கே நமக்கு வேண்டிய எமோஜியை நாமே ஏற்றிக்கலாம். அப்படித்தான் வேல் செய்ய உட்கார்ந்தோம்.

செய்முறை இதுதான். பின்னணி இல்லாத பி.என்.ஜி. படமா 128-க்கு 128 பிக்சல் அளவில் சேமிங்க. கோப்பு 256 கே.பி.க்குள்ள இருக்கணும். வாட்ஸ்அப் ஸ்டிக்கர்னா 512-க்கு 512, அசையாத படம் 100 கே.பி.க்குள்ள. வரையும்போது பெரிசா அழகா தெரியும். ஆனா எழுத்துக்கு நடுவுல வரும்போது உளுந்து அளவுதான் தெரியும். அதனால அடிக்கடி சின்னதாக்கிப் பாருங்க. வெள்ளைத் திரை, கருப்புத் திரை ரெண்டிலும் வச்சுப் பாருங்க. வெளிர் மஞ்சள் வெள்ளையில் மறைஞ்சிடும், கருப்புக் கோடு கருப்பில் மறைஞ்சிடும். சுற்றி மெல்லிசா ஒரு அடர் சிவப்புக் கோடு கொடுத்தா ரெண்டிலும் நிற்கும்.

இப்போதான் விஷயமே ஆரம்பிக்குது. உளுந்து அளவுக்குச் சுருக்கும்போது எதை விடுறது, எதை வைக்கிறது?

நாங்க முதல்ல வரைந்த வேலில் எல்லாமே இருந்தது. மணி, பட்டுத்துணி, மாலை, இலையில் மூணு திருநீற்றுப் பட்டை. சின்னதாக்கினதும் எல்லாம் கலந்து ஒரே கறையா போச்சு. ஒவ்வொன்றா எடுத்தோம். மாலை போச்சு, மணி போச்சு, பட்டுத்துணி போச்சு. பட்டைக்குப் பதிலா ஒரு குங்குமப் பொட்டு. கடைசியில் மிச்சம் நின்றது மூணுதான்: நீளமான தண்டு, அகலமான இலை, கூரான நுனி. இந்த மூணுல ஒண்ணைக் குறைச்சாலும் அது வேலா தெரியலை. தண்டு குட்டையானா கரண்டி. இலை ஒடுங்கினா ஊசி. நுனி மழுங்கினா அரச இலை.

வேல் ஞானத்தின் வடிவம்னு பெரியவங்க சொல்வாங்க. அறிவு ஆழமா இருக்கணும், அது தண்டு. அகலமா இருக்கணும், அது இலை. கூர்மையா இருக்கணும், அது நுனி. இதைச் சின்ன வயசுலேர்ந்து எத்தனையோ சொற்பொழிவில் கேட்டிருக்கோம். அன்னைக்கு கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியா அழிக்கும்போதுதான் அது எங்களுக்குக் கண்ணால தெரிஞ்சது. அலங்காரம் முழுக்கப் போன பிறகும் மிச்சம் நிற்கிறது அந்த மூணு குணம்தான்.

"சாமியை இவ்வளவு சின்னதாக்கலாமா, அபச்சாரம் இல்லையா?" என்று ஒரு சகோதரி கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரத்தை நினைச்சுப் பாருங்க. 11 நிலை, சுமார் 192 அடி. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருக்கிற கோபுரம் அதுதான்னு எங்க ஊர்ல பெருமையா சொல்லுவோம். மதுரை மீனாட்சியம்மன் கோயில் மேற்குக் கோபுரம்னு சொல்றவங்களும் இருக்காங்க. எதுவானாலும், 1949-லிருந்து ஒரு பெரிய கோபுரம் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கி அரசாங்கக் காகிதத்துல உட்கார்ந்திருக்கு. அதனால கோபுரத்துக்கு மதிப்புக் குறைஞ்சுதா? அந்த முத்திரை இருந்தாத்தான் காகிதத்துக்கே மதிப்பு. யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் மூலஸ்தானத்திலேயே வேல்தான் இருக்கு. சின்னத்தைச் சாமியா கும்பிடுறது நமக்குப் புதுசு கிடையாது.

படத்தைப் பல பிரதி எடுக்கிறதும் புதுசு கிடையாது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டரா அச்சாகி ஊர் ஊரா போச்சு. நம்ம தாத்தா பாட்டி அந்தக் காலண்டரைச் சுவரில் மாட்டிப் பொட்டு வச்சாங்க. வருஷம் முடிஞ்ச பிறகும் சாமி படத்தைக் குப்பையில் போட மனசு வராம பத்திரப்படுத்தினாங்க. அச்சடிச்ச காகிதம்தான், ஆனா கையாண்ட விதத்துல அது சாமி ஆச்சு. நம்ம எமோஜிக்கும் அதே கணக்கு.

அடுத்து மயில் வரைந்தோம். இங்கேயும் ஒரு பாடம். எங்க ஊர்லேர்ந்து சங்கரன்கோவில் வழியா போனா வர்ற கழுகுமலை குடைவரைக் கோயில் உங்களுக்குத் தெரியும். அங்கே முருகனுக்கு ஒரு முகம், ஆறு கை. மற்ற கோயில்களில் மயில் முகம் வலப்பக்கம் இருக்கும், கழுகுமலையில் இடப்பக்கம். இங்கே மயிலா நிற்கிறவன் இந்திரன், மற்ற இடங்களில் சூரபத்மன் என்று தலபுராணம் காரணம் சொல்லுது. அதனால படத்தைச் சும்மா இடம் வலமா திருப்பிப் போட்டா "மயில்தானே, எப்படி இருந்தா என்ன?" என்று விட முடியாது. பார்த்து வரையணும். பார்க்கிறதும் ஒரு வழிபாடுதான்.

ஏற்றும்போது பெயர் கொடுக்கணும். முன்னும் பின்னும் முக்காற்புள்ளி வச்சு அந்தப் பெயரை அடிச்சா வேல் வந்து நிற்கும். நாமம் சொன்னா ரூபம் வரும்னு பெரியவங்க சொன்னது இங்கேயும் நடக்குது பாருங்க!

சரி, வேல் வந்தாச்சு. பசங்க எப்படிப் பயன்படுத்தினாங்க?

ரெண்டு சம்பவம் சொல்றேன். குழுவுக்குப் புதுசா வந்த ஒரு தம்பி, கழுகுமலையும் ஆறுபடை வீட்டுல ஒண்ணுன்னு நினைச்சு எழுதிட்டான். சின்னப் பையன், தெரியாம எழுதினது. உடனே கிண்டல். ஒருத்தன் வேலைப் போட்டான். அடுத்தவன் மூணு வேல். பிறகு வரிசையா வேல், அவனைக் குத்துற மாதிரி. அந்தத் தம்பி குழுவை விட்டே போயிட்டான்.

எங்க குழுவுல வயசுல மூத்த மாமா ஒருத்தர் இருக்கார். அதிகம் பேச மாட்டார். அன்னைக்கு எழுதினார்: "வேல் பட்டவன் இப்போ எங்கடா இருக்கான்? சாமி கூடவே இருக்கான்."

இதை நல்லா யோசிங்க. கந்தபுராணத்துல முருகன் எடுத்த எடுப்பில் வேலை விடலை. முதல்ல வீரபாகுவைத் தூது அனுப்பினார். "தேவர்களைச் சிறையிலிருந்து விடு" என்று சொல்லிப் பார்த்தார். சூரன் கேட்கலை. போர் நடந்தது. கடைசியில் மாமரமா நின்றவனை வேல் ரெண்டா பிளந்தது. பிளந்த பிறகு? ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். மயில் வாகனமாச்சு, சேவல் கொடியாச்சு. எதிரியை அழிச்சு ஒதுக்கின கதை கிடையாது இது. ஒரு பாதியைத் தன்னைச் சுமக்க வச்சு, மறுபாதியைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்ச கதை.

நாம தினமும் மெசேஜ் கடைசியில் போடுற மயிலும் சேவலும் யாருன்னு இப்போ புரியுதா? தோத்துப்போய் அருள் வாங்கின சூரன். அவனைப் பக்கத்துல வச்சுக்கிட்டே ஒரு சின்னப் பையனை வேலால விரட்டினா அது முருகன் வேலா? அசுரனுக்கே தூது போச்சு. நம்ம தம்பிக்குத் தனியா ஒரு மெசேஜ் போகக்கூடாதா? மாமாவே அவனுக்கு போன் பண்ணிப் பேசினார். ரெண்டு நாள் கழிச்சு அவன் திரும்பி வந்தான்.

அடுத்த சம்பவம். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தம்பி ஒருத்தன் ராத்திரி பதினோரு மணிக்கு எழுதினான்: "அப்பாவுக்கு நாளைக்கு மதுரையில ஆபரேஷன். ரெண்டு யூனிட் ரத்தம் கேட்கிறாங்க. எல்லாரும் வேண்டிக்கோங்க." காலையில் நான் பார்க்கிறப்போ அதுக்குக் கீழ வேல், வேல், வேல். எல்லாம் நல்ல மனசோட போட்டதுதான். ஆனா ராஜபாளையத்து அக்கா ஒருத்தங்க மட்டும் வேல் போட்டுட்டு அதுக்குக் கீழ ஒரு வரி எழுதியிருந்தாங்க: "எந்த குரூப் ரத்தம் தம்பி? நீ சாப்பிட்டியா?" அந்த ஒரு வரிக்குப் பிறகுதான் பேச்சு நகர்ந்தது. ரெண்டு பசங்க விடிகாலை பஸ்ஸைப் பிடிச்சு மதுரைக்குப் போய் ரத்தம் கொடுத்துட்டாங்க.

மத்தவங்க வேலும் பக்திதான். அக்கா வேலுக்கு மட்டும் கை கால் முளைச்சது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் இடது கையில இருக்கிற கிளியைப் பார்த்திருப்பீங்க. அது பொன்னும் இல்லை, கல்லும் இல்லை. தினமும் இலையிலும் பூவிலும் புதுசா கட்டுறாங்க. மூக்குக்கு மாதுளம்பூ. ஒரே ஒரு நாள் தாயார் கையில இருக்கிற அந்தக் குட்டிக் கிளிக்கு மணிக்கணக்கில் உழைப்பு. நேத்தைய கிளி இன்னைக்கு ஆகாது. நம்ம அருணகிரிநாதர் கிளி வடிவம் எடுத்த கதையும் திருவண்ணாமலைக் கிளி கோபுரமும் தெரிஞ்ச நமக்கு, இந்தக் கிளி அந்நியம் இல்லை.

எமோஜி அதுக்கு நேர் எதிர். ஒரு தடவை செஞ்சா போதும், விரல் தொட்டா வந்துடும், உழைப்பே வேண்டாம். அதனாலதான் நாம ஜாக்கிரதையா இருக்கணும். செய்யும்போது இல்லாத அன்றாட உழைப்பைப் போடும்போது சேர்க்கணும். ஒவ்வொரு தடவையும் அதைப் புதுசா கட்டணும்.

எங்க குழுவில் இப்போ மூணு பழக்கம் வச்சிருக்கோம். உங்க குழுவுக்கும் பிடிச்சா எடுத்துக்கோங்க.

ஒண்ணு, தண்டு மாதிரி ஆழம்: வேல் போடுறதுக்கு முன்னாடி அந்த மெசேஜை முழுசா படிக்கணும். பாதி படிச்சுட்டு வேல் கிடையாது.

ரெண்டு, இலை மாதிரி அகலம்: வேலை யாரையும் குத்த, கிண்டல் பண்ண, வெளியே தள்ளப் போடக்கூடாது. தப்பா சொன்னவருக்குத் தனியா தூது அனுப்பணும்.

மூணு, நுனி மாதிரி கூர்மை: யாராவது கஷ்டம்னு எழுதினா, வேலுக்குக் கீழ ஒரு வரி. "எங்கே இருக்கீங்க?", "பணம் தேவையா?", "நான் வரட்டுமா?" ஏதாவது ஒரு வரி. அதுவும் முடியலைன்னா கண்ணை மூடி ஆறெழுத்து மந்திரத்தை ஒரு தடவை சொல்லிட்டு, பிறகு தொடுங்க.

இன்றைக்கே உங்க குழுவுக்கு ஒரு வேல் வரைங்க. நல்லா பார்த்து வரைங்க. யார் கஷ்டத்துக்குக் கீழ அதை முதல்ல போடப் போறீங்களோ, அவங்களுக்கு ஒரு போனும் பண்ணிடுங்க.

வேலும் மயிலும் துணை. அரோகரா!