அறுத்தால் மட்டும் போதுமா?



மலைப் பிரதேசத்தில் வாழும் நமக்கு எப்போதாவது மான் இறைச்சி வந்து சேருவதுண்டு. வந்ததும், "பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்ததுதானா?" என்று கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அத்துடன் நம் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

திருமறை, ஹலாலுடன் 'தய்யிப்' என்பதையும் சேர்த்தே கூறுகிறது. தய்யிப் என்றால் நல்லது, தூய்மையானது. வேட்டைப் பிராணி மூன்று நாள் கழித்துக் கிடைத்தாலும், நாற்றம் பிடிக்காதிருந்தால் உண்ணலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஆக, கெட்டதை விலக்க வேண்டுமென்ற நிபந்தனை அன்றே ஏற்பட்டுவிட்டது.

பிராணியின் உயிர் போன பின்னும் உடற்சூடு உள்ளே அடைபட்டிருக்கும். குடற்கிருமிகள் அந்தச் சூட்டில் பெருகும். ஆகையால் இரத்தம் வடிந்ததும், தாமதியாமல் வயிற்றைத் திறந்து, குடல் கிழியாமல் எடுத்துவிட வேண்டும். கிழிந்து அசுத்தம் பட்டுவிட்டால் அவ்விடத்தை வெட்டி எறிய வேண்டும். தண்ணீர் ஊற்றினால் அசுத்தம் பரவவே செய்யும். குண்டு பாய்ந்த இடத்தைச் சுற்றியும் தாராளமாக வெட்டி நீக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஈயத்துணுக்குகள் அங்கே சிதறியிருக்கக்கூடும்.

"இங்கேதான் குளிராயிற்றே!" என்பார்கள் சிலர். பிரிஞ்சாங் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், இரவிலுங்கூடச் சாதாரணமாகப் 15 டிகிரி அளவுக்குத்தான் குளிர்கிறது. இறைச்சிக்கு வேண்டியதோ 4 டிகிரிக்கு மேற்படாத குளிர். நம்மைப் போர்வை தேட வைக்கும் குளிர், கிருமிக்குக் குளிரல்ல. சமைக்கும்போதும் உட்புறம் 71 டிகிரிக்குக் குறையாமல் வேக வேண்டும்.

"கெட்டதென்று தெரியாமல் கொடுத்தால் குற்றமாகுமா?" என்று கேட்கலாம். கிருமி பெருகிய இறைச்சி எப்போதும் நாறுவதில்லை. வாங்குபவர் முகர்ந்து பார்த்து அறிய வழியில்லை. எப்போது அறுத்தது, எத்தனை மணி நேரம் வெளியில் கிடந்தது என்பதைக் கொடுப்பவர்தாம் விசாரித்து அறிய முடியும். விசாரிக்கக்கூடியதை விசாரியாமல் விட்டுவிட்டு, 'தெரியாது' என்பது வியாபாரிக்கு அழகல்ல. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியிலிருந்த ஈரத்தைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியைக் கேட்டது நமக்கெல்லாம் பாடமன்றோ?

இன்னொன்றும் உண்டு. உரிமமின்றி மானை வேட்டையாடுவதும், அதன் இறைச்சியை வைத்திருப்பதும் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். மறைவாக வந்த இறைச்சியைப் பற்றி வாய் திறந்து விசாரிக்கவும் முடியாது. விசாரிக்க முடியாத பொருளை அண்டை வீட்டாருக்கு எப்படிக் கொடுப்பது?

ஆகவே சகோதரர்களே, அறுத்தவர் யார் என்று கேட்பதுடன், அறுத்த பின் என்ன செய்தார்கள் என்றும் கேளுங்கள். திருப்தியான பதில் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். வல்ல அல்லாஹ் நம் உணவையும் வியாபாரத்தையும் தூய்மையாக்கி அருள்வானாக! ஆமீன்.