கையிலிருந்து கைக்கு

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வார்டு ஒன்றில் நடந்தது இது. பயிற்சி மருத்துவர் ஒருவர் நோயாளியின் கட்டிலருகே மண்டியிட்டு, போர்வைக்குள் கையை விட்டு வயிற்றைத் தொட்டுப் பார்த்தபடி கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அருகில் நின்ற பேராசிரியர் பால் பிராண்ட் திகைத்துப்போனார். அந்த இளைஞரின் தலைச்சாய்வும் உயர்ந்த புருவமும் லண்டனில் தமக்கு அறுவை மருத்துவம் கற்பித்த ராபின் பில்ச்சரை அப்படியே உரித்து வைத்திருந்தன. இளைஞரோ இங்கிலாந்தைப் பார்த்ததே இல்லை. பில்ச்சரை எங்கே கண்டாய் என்று கேட்டதற்கு, அவர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது, அது உங்கள் முகம்தான் என்று மாணவர்கள் சொன்னார்கள்.

பாடக்குறிப்புகள் மறந்துபோகும். துன்பப்படுகிறவரிடம் ஆசிரியர் எப்படிக் குனிந்தார் என்பது மாணவனின் உடம்பில் ஏறி, அவனுக்கே தெரியாமல் அடுத்த தலைமுறைக்குப் போகும். பிராண்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது இந்தக் காட்சிதான்.

அவர் பிறந்தது 1914-இல். சிறுவயதில் வளர்ந்தது நம் கொல்லிமலையில். பெற்றோர் அங்கே ஊழியம் செய்ய வந்த ஆங்கிலேயர்கள். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்ட பையன் தந்தையை மறுபடி பார்க்கவில்லை. 1929-இல் மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. இறப்புச் செய்தி வந்து சேர்ந்த பிறகு, கப்பலில் மெதுவாக வந்துகொண்டிருந்த அவரது கடிதம் மகன் கைக்குக் கிடைத்தது. மகன் முதலில் கற்றது தச்சும் கட்டடமும். மருத்துவம் அதற்குப் பிறகுதான். அந்த ஆண்டுகள் வீணாயின என்று யாரேனும் அன்று நினைத்திருக்கலாம். மரத்தின் போக்கறிந்து இழைத்த கைதான் பின்னாளில் மனிதத் தசைநாணைப் பிரித்து நகர்த்தியது.

1946-இல் வேலூர் வந்தவரைத் தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்துக்கு அழைத்துப் போனார். பிராண்ட் எலும்பு, தசை பற்றிய அறுவையில் பயின்றவர். அங்கே கண்ட முடங்கிய விரல்களை ஏன் ஒருவரும் சரிசெய்யப் பார்க்கவில்லை என்று கேட்டார். விரல் மடங்கிய ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிராண்டுக்கே வலிக்கும் அளவுக்குப் பிடி இறுகியது. செத்துவிட்டதாக எல்லோரும் கருதிய கையில் அவ்வளவு வலு இருந்தது! நோய் நரம்பைத் தாக்குவது முழங்கை, மணிக்கட்டு போன்ற, தோலுக்கு அருகில் குளிர்ச்சியாக இருக்கும் சில இடங்களில்தான் என்பது ஆய்வில் தெளிவாயிற்று. முன்கையின் தசைகள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. அவற்றில் ஒன்றின் தசைநாணை எடுத்து விரலுக்கு மாற்றினால் மடங்கிய விரல் நிமிரும்.

அதைவிடப் பெரிய உண்மை ஒரு பூட்டில் இருந்தது. துருப்பிடித்த பூட்டைப் பிராண்டால் திறக்க முடியவில்லை. பத்து வயதிருக்கும் நோயாளிப் பையன் சாவியை வாங்கித் திருகித் திறந்தான். கீழே ரத்தத் துளிகள். விரல் எலும்புவரை கிழிந்திருந்தது, அவனுக்குத் தெரியவே இல்லை. தொழுநோயில் சதை தானாக அழுகி உதிர்கிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. உண்மையில், வலி சொல்லாததால் மனிதன் தன் கையைத் தானே அழித்துக்கொள்கிறான். ஒவ்வொரு புண்ணுக்கும் காரணத்தைத் தேடச் செய்தார் பிராண்ட். சூடான பாத்திரம், செருப்பில் நீட்டிய ஆணி என ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இரவில் காணாமல்போகும் விரல் நுனிகளுக்கு விடை எலி. தூங்குகிறவர் விரலை அது கடித்துத் தின்றது. அதன் பிறகு வீடு திரும்பும் நோயாளிகள் ஒரு பூனையையும் கொண்டுபோனார்கள். பாதத்தைக் காக்க மென்மையான ரப்பர் செருப்பு வந்தது. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றும் நம் ஊர்களில் அதைத்தான் சொல்கிறார்கள்.

ஒருமுறை நெடும் ரயில் பயணம் முடிந்து லண்டனில் இறங்கியவருக்குக் குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தமக்கும் நோய் வந்துவிட்டது என்று இரவெல்லாம் விழித்துக் கிடந்தார். விடிந்ததும் மறுபடி குத்தினார். வலித்தது. வலிக்காக இறைவனுக்கு நன்றி சொன்ன மனிதர் அவர். நாம் வலியைப் பகையாகவே பார்த்துப் பழகியவர்கள்.

ஆனால் நிமிர்ந்த விரல் மட்டும் போதவில்லை. கை சரியான சிலர் திரும்பி வந்து புது விதமாக முறையிட்டார்கள். ஊனம் தெரியாததால் பிச்சை குறைந்துவிட்டது, பெருவியாதிக்காரன் என்று வேலையும் யாரும் தரவில்லை, நாங்கள் என்ன செய்ய? வேறொருவராக இருந்தால் அறுவை வெற்றி, மற்றது என் பொறுப்பில்லை என்று கோப்பை மூடியிருப்பார். பிராண்ட் மூடவில்லை. அவர்களுக்காக நவஜீவ நிலையம் தொடங்கியது. தாம் கற்ற தச்சு வேலையை அங்கே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பேராசிரியர் என்ற சொல்லுக்கு நான் அறிந்த மிக உயர்ந்த பொருள் இதுதான். மற்றவரின் துயரத்தில் தன் பங்கு எங்கே முடிகிறது என்று அவர் கோடு போட்டுக்கொள்ளவில்லை.

அவரும், கண் மருத்துவரான மனைவி மார்கரெட்டும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வேலூரில் உழைத்தார்கள். 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிறகும் வேலை அதேதான். அவருடைய தாய் ஈவ்லின் முதுமையிலும் மலைகளை விடாமல் 95 வயதுவரை வாழ்ந்து, கொல்லிமலையில் கணவருக்கு அருகிலேயே அடக்கமானார். மகன் 2003 ஜூலை 8-இல் சியாட்டிலில் காலமானார்.

இதைப் படிப்பவரிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்கேனும் தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, தொட்டால் அந்த இடத்தில் உணர்ச்சி இல்லையென்றால், அது தொழுநோயாக இருக்கலாம்; மறைக்க வேண்டாம், மறைக்கவும் விட வேண்டாம். கூடவே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கூட்டு மருந்து இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதங்களில் குணமாகிவிடும்.